ஆய்வு மாணவர்களுக்கு ஒழுங்கான நிரலாக்கம்: மதுரைப் பக்கம் பயிலரங்கு நடத்த நினைப்பவர்களுக்கு

"படம் 4 எந்தப் புரோகிராமிலிருந்து வந்தது? அதே படத்தை வேறு அளவுருவோடு ஓட்டி அனுப்புங்கள்." ஆய்விதழிலிருந்து இந்தக் கேள்வி வந்தபோது நான் பிஎச்.டி. நான்காம் வருடத்தில் இருந்தேன். என் கணினியில் 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'சார்_திருத்தியது', 'சார்_திருத்தியது_புதுசு' என்று 41 கோப்புகள் கிடந்தன. ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து அந்தப் படத்தைத் திரும்ப வரைய 19 நாள் ஆனது. எனக்கு வேதியியல் தெரிந்தது, கணக்கு தெரிந்தது, நிரல் எழுதவும் தெரிந்தது. எழுதிய நிரலை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது மதுரையிலேயே மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கணக்கீட்டு வேதியியல், இயற்பியல், கணிதம் படிக்கும் ஆய்வு மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தர இதுவரை ஐந்து முறை பயிலரங்கு நடத்தியிருக்கிறேன். முதல் முறை பாதி நாள் நிறுவலிலேயே போனது. இரண்டாம் முறை பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. நீங்கள் ஒரு ஐ.டி. ஊழியராகவோ, பிஎச்.டி. முடித்தவராகவோ, துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியராகவோ இருந்து இப்படி ஒன்றை நடத்த நினைத்தால், அந்த இரண்டு முறையும் நான் பட்டது உங்களுக்கு வேண்டாம்.

1. மாணவரிடம் போகுமுன் கைடிடம் போங்கள்

இரண்டாம் முறை ஆள் வராததற்குக் காரணம் இதுதான். துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கி, சர்குலர் அனுப்பி, நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியாயிற்று. 26 பேர் பெயர் கொடுத்தார்கள். காலையில் வந்தது ஐந்து பேர். மற்றவர்களை அவரவர் கைடு லேபில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஆய்வு மாணவரின் நேரம் கைடு கையில் இருக்கிறது. சர்குலர் அதை மாற்றாது.

கைடுகளை நேரில் பாருங்கள். காலை 11 மணி வாக்கில் அல்லது மாலை 3 மணிக்கு மேல், வகுப்பு இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். அவர்களுக்கு இரண்டு கவலைகள் இருக்கும், இரண்டுமே நியாயமானவை. ஒன்று, கட்டுரை எழுதும் நேரம் வீணாகுமோ என்பது. இரண்டாவது, இன்னும் வெளிவராத ஆய்வின் நிரல் இணையத்தில் போய்விடுமோ என்பது.

இரண்டாவதுக்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள். கிட் என்பது நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகப் பதிந்து வைக்கும் மென்பொருள். மாணவரின் கணினிக்குள்ளேயே ஓடும், அதற்கு இணையமே தேவையில்லை. கிட்ஹப் என்பது தனி, நிரலை இணையத்தில் வைக்கும் தளம். அதில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம். போட்டாலும் பிறர் பார்க்க முடியாத தனிக் களஞ்சியமாக (நிரலும் அதன் வரலாறும் சேர்ந்த கோப்புறை) இலவசமாக வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்திருந்த ஒரு பேராசிரியர், விளக்கிய உடனேயே தன் மாணவர்கள் நான்கு பேரையும் அனுப்பினார்.

முதல் கவலைக்கு நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: "சார், உங்ககிட்ட முன்னாடி முடிச்சுட்டுப் போனவரோட புரோகிராமை இப்ப இருக்கிறவர் ஓட்ட முடியுதா?" பெரும்பாலும் கொஞ்ச நேரம் பதில் வராது. பிறகு அவர்களே நாள் கேட்பார்கள்.

2. காகிதங்களை ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்

வெளியாள் ஒருவர் கல்லூரிக்குள் பயிலரங்கு நடத்த, கடிதம் கீழிருந்து மேலே போய்த் திரும்பி வரவேண்டும். கல்லூரி என்றால் முதல்வருக்கு, பல்கலைக்கழகம் என்றால் பதிவாளருக்கு எழுதி, 'துறைத்தலைவர் வழியாக' என்று போட்டு, துறைத்தலைவரின் கையெழுத்தோடு அனுப்புங்கள். நேராக மேலே கொடுத்தால் அது திரும்பத் துறைக்கே வரும். அதில் ஒரு வாரம் போய்விடும்.

கடிதத்தோடு வைக்க வேண்டியவை: மணிநேரக் கணக்கோடு பாடத்திட்டம் ஒரு பக்கம், உங்கள் தன்விவரம் ஒரு பக்கம், செலவு மதிப்பீடு ஒரு பக்கம், எந்த லேப் எத்தனை நாள் வேண்டும் என்ற குறிப்பு. மதிப்பூதியம் தருவதாக இருந்தால் பான் அட்டை நகலும் ரத்து செய்த காசோலையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். ரொக்கமாகத் தந்தால், 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டு ஸ்டாம்பு பையில் இருக்கட்டும்.

வேறு கல்லூரியிலிருந்து மாணவர்கள் வருவதாக இருந்தால் அவர்களுக்கு ஓ.டி. கடிதம் வேண்டும், அதாவது இங்கே வந்த நாளை அவர்கள் கல்லூரியில் வருகையாகக் கணக்கிட. பெயர்ப் பட்டியலை ஒரு வாரம் முன்பே துறைத்தலைவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள். பயிலரங்கு முடிந்த மாலையில் கையெழுத்துக்கு ஆள் தேடினால் யாரும் இருக்க மாட்டார்கள்.

3. நாள் குறிப்பது

என் அனுபவத்தில் ஆடி மாதம்தான் இதற்கு ஏற்றது, அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. கல்யாண முகூர்த்தம் இல்லை, பருவம் தொடங்கிய புதிது, விடைத்தாள் திருத்தும் வேலையும் இல்லை. ஆவணி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வைக்கவே வேண்டாம், பாதிப் பேர் மண்டபத்தில் இருப்பார்கள். பொங்கல் வாரத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. அப்போது யாரையும் எதிர்பார்க்காதீர்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் ஊருக்குள் பஸ்ஸே சுற்றித்தான் வரும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளையும் விசாரித்து வையுங்கள். காலையில் போனால் மாலையில்தான் மின்சாரம் வரும். லேபில் யுபிஎஸ் இருந்தாலும் நாள் முழுக்கத் தாங்காது. அந்தப் பகுதி எந்தத் துணைமின் நிலையத்தில் சேர்ந்தது என்று கல்லூரி எலக்ட்ரீசியனுக்குத் தெரியும்.

என் பயிலரங்கு நான்கு நாள். அந்த நான்கு நாளையும் ஒரேயடியாக வைக்காதீர்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள், அப்புறம் இரண்டு வாரம் இடைவெளி, மறுபடி சனி, ஞாயிறு. அந்த இடைவெளியில் மாணவர் தன் சொந்த நிரலில் கிட்டைப் பயன்படுத்திப் பார்த்து, எங்கே சிக்குகிறது என்ற கேள்வியோடு திரும்பி வருவார். தொடர்ந்து நான்கு நாள் நடத்தியபோது எல்லோரும் தலையாட்டினார்கள், மறு மாதம் யாரும் பயன்படுத்தவில்லை.

மாலை 4.30க்கு முடித்துவிடுங்கள். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று பஸ் பிடிக்க வேண்டியவர்கள் உண்டு, விடுதிக்கு நேரத்தோடு திரும்ப வேண்டிய பெண்கள் உண்டு. 5 மணிக்கு மேல் நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது.

4. லேபை இரண்டு முறை போய்ப் பாருங்கள்

பெரும்பாலான பயிலரங்குகள் கவிழ்வது இங்கேதான். இரண்டு வாரம் முன்பு ஒருமுறை, முந்தின நாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். லேப் அசிஸ்டென்ட்டை முதலில் பழகிக்கொள்ளுங்கள். அட்மின் பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கும். அவர் விடுப்பில் போனால் பாஸ்வேர்டு யாரிடம் என்பதையும் கேட்டு வையுங்கள்.

நிறுவல் கோப்புகளை நான்கு பென்டிரைவில் எடுத்துப் போங்கள். கல்லூரி இணையத்தில் 24 பேர் ஒரே நேரத்தில் பைத்தான் இறக்கினால் மதியச் சாப்பாடு வரை வட்டம்தான் சுற்றும். நான் கிட், பைத்தான் நிரல்மொழி, நிரல் எழுத ஒரு எளிய எடிட்டர், கணக்குக்கான நம்பை, படம் வரையும் மேட்பிளாட்லிப், சோதனைக்கான பைடெஸ்ட் என்ற நூலகங்கள் ஆகியவற்றின் கோப்புகளை வைத்திருப்பேன். விண்டோஸில் பைத்தான் நிறுவும்போது முதல் திரையின் அடியில் 'பாத்'தில் (கணினி நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலில்) சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். அது தானாக டிக் ஆகியிருக்காது. அதை விட்டுவிட்டால் பிறகு கட்டளைத் திரை 'பைத்தான் என்று எதுவும் இல்லை' என்று சொல்லும். மாணவர் தன்னால்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்.

இன்னும் மூன்று சிக்கல்கள் உண்டு. கல்லூரி ப்ராக்ஸி (இடையில் நிற்கும் கணினி) வழியாக இணையம் வந்தால் கிட்டுக்கும், பைத்தான் நூலகங்களை இறக்கி நிறுவும் பிப்புக்கும் அதைத் தனியாகச் சொல்லவேண்டும், உலாவியில் அமைத்தது போதாது. கிட்ஹப்புக்கு எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் போனால் ஃபயர்வால் 22ஆம் போர்ட்டைத் தடுத்திருக்கலாம். 443ஆம் போர்ட் வழியாகவும் போகலாம் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். மூன்றாவது, 2021 ஆகஸ்ட்டிலிருந்து கட்டளைத் திரையில் கிட்ஹப் கணக்கின் பாஸ்வேர்டு செல்லாது. பாஸ்வேர்டுக்குப் பதிலாக டோக்கன் என்ற நீண்ட குறியீட்டை எடுக்கவேண்டும் அல்லது எஸ்எஸ்ஹெச் சாவி அமைக்கவேண்டும். பழைய யூடியூப் பாடத்தைப் பார்த்து வந்த மாணவர் பாஸ்வேர்டையே ஐந்து முறை அடித்துக்கொண்டிருப்பார்.

கிட்ஹப் கணக்கை வீட்டிலேயே தொடங்கி வரச் சொல்லுங்கள். ஒரே லேபிலிருந்து 20 பேர் ஒரே சமயத்தில் தொடங்கப் போய்ப் பலருக்குத் திறக்கவே இல்லை, அன்று அந்தப் பாடத்தையே தள்ளிவைத்தேன்.

மேக வட்டுக் கோப்புறைக்குள், அதாவது ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றுக்குள், கிட் களஞ்சியத்தை வைக்க விடாதீர்கள். இரண்டும் ஒரே கோப்பைப் பிடித்து இழுக்கும்.

5. எதை, எந்த வரிசையில்

முதல் நாள் கிட் மட்டும். நிரலைக் கிளையாகப் பிரிப்பது, திரும்ப இணைப்பது எதுவும் வேண்டாம். சேர், பதிவு செய், வரலாறு பார், பழையதை எடு. இந்த நான்கு போதும். ஒருவர் கோப்பை வேண்டுமென்றே அழித்துவிட்டுத் திரும்ப எடுக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள், அதற்கு மேல் நீங்கள் விளக்க வேண்டியதே இருக்காது. பதிவுச் செய்தி எழுதுவதற்கு ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். 'மாற்றம்' என்று எழுதினால் ஒரு வருடம் கழித்து அது எதையும் சொல்லாது. 'வெப்பநிலையை செல்சியஸிலிருந்து கெல்வினுக்கு மாற்றியது' என்று எழுதினால் சொல்லும். தமிழிலேயே எழுதலாம், கிட்டுக்கு எந்தத் தடையும் இல்லை.

பெரிய தரவுக் கோப்புகளைக் களஞ்சியத்தில் போடக்கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். மூலக்கூறு இயக்கவியல் செய்பவர்களின் வெளியீட்டுக் கோப்பு பல ஜிபி இருக்கும். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. ஒருமுறை பதிவாகிவிட்டால் பிறகு அழித்தாலும் வரலாற்றில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாம் நாள், நீண்ட நிரலைச் சிறு செயல்பாடுகளாகப் பிரிப்பது, பெயர் வைப்பது, கோப்புறை அமைப்பு. மூன்றாம் நாள் சோதனை, அதாவது நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சிறு நிரல் எழுதுவது. நான்காம் நாள், வேறொருவர் கணினியில் ஓட வைப்பது: தேவையான நூலகங்களின் பட்டியல், அவற்றின் பதிப்பு எண், எப்படி ஓட்டுவது என்று ஒரு குறிப்புக் கோப்பு, சமவாய்ப்பு எண்கள் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலவே வர அவற்றுக்கு விதை (தொடக்க எண்).

பாடக் குறிப்புகளை முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி அமைப்பின் பாடங்கள் ஆய்வாளர்களுக்கென்றே எழுதப்பட்டவை. மூலத்தைக் குறிப்பிட்டால் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றியும் எழுதலாம். அடிப்படை பைத்தானும் லினக்ஸும் தெரியாதவர்களுக்கு ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழ் ஒலியோடு இருக்கிறது; வருமுன் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஸ்லைடு போடாதீர்கள். திரையில் நீங்களே தட்டுங்கள், அவர்களும் கூடவே தட்டட்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிற ஒட்டுத்தாள் கொடுங்கள்: முடிந்தால் பச்சை, சிக்கினால் சிவப்பு, மானிட்டர் மேல் ஒட்டவேண்டும். கை தூக்கக் கூச்சப்படுகிறவர்கள் தாள் ஒட்டுவார்கள். எட்டுப் பேருக்கு ஒரு உதவியாளர் வேண்டும். விளக்கம் தமிழில் இருக்கட்டும். பிழைச் செய்தி வரும்போது மட்டும் அந்த ஆங்கில வரியை உரக்கப் படித்து, கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது என்று காட்டுங்கள். பலர் பிழைச் செய்தியைப் படிக்காமலேயே திரையை மூடிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

6. மாணவரின் சொந்த நிரலில் சோதனை எழுத வையுங்கள்

இந்தப் பகுதிக்கு ஒரு முழு நாள் கொடுங்கள், மற்றவற்றில் வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள். கடைக் கணக்கு, நூலகப் பட்டியல் என்ற பாடப்புத்தக உதாரணங்கள் இவர்களிடம் ஒட்டாது. ஒவ்வொருவரும் தன் ஆய்விலிருந்து 200 வரிக்குள் ஒரு துண்டு நிரலைக் கொண்டுவரட்டும். கைடின் சம்மதம் இதற்குத்தான் முக்கியமாக வேண்டியிருந்தது.

மூன்றாம் பயிலரங்கில் நடந்தது. வினை ஆற்றல் கணக்கிடும் மாணவி ஒருவர் தன் நிரலைக் கொண்டுவந்தார். கிலோகலோரியைக் கிலோஜூலாக மாற்றும் பெருக்கல் அதில் மூன்று இடத்தில் இருந்தது. இரண்டு இடத்தில் 4.184, ஒரு இடத்தில் 4.18. மேலோட்டமாகப் பார்த்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம்தான். ஆனால் அவர் கையாண்ட ஆற்றல்கள் 1,000 கிலோகலோரி அளவில் இருந்தன. ஒன்று 4,184 ஆகவும் மற்றது 4,180 ஆகவும் மாறி, இரண்டையும் கழிக்கும்போது 4 கிலோஜூல் பிழை வந்து நின்றது. வேதியியலில் துல்லியம் என்று சொல்லும் எல்லையே மோலுக்கு ஒரு கிலோகலோரி, ஏறக்குறைய அதே 4 கிலோஜூல்.

அந்த மாற்றத்தை ஒரே செயல்பாடாக எழுதி, '1 கொடுத்தால் 4.184 வரவேண்டும்' என்று மூன்று வரியில் ஒரு சோதனை வைத்து, மூன்று இடத்திலும் அதையே அழைத்தோம். விடை மாறியது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், மூணு மாசமா இந்த நாலு எங்கிருந்து வருதுன்னு தேடிட்டிருந்தேன். கணக்கீட்டுக்கு எடுத்துக்கிற அடிப்படைக் கணத்தை (பேசிஸ் செட்) எல்லாம் மாத்திப் பார்த்தேன்" என்றார்.

'என் விடை எனக்கே தெரியாதே, எதை வைத்துச் சோதிப்பது?' என்று கட்டாயம் கேட்பார்கள். கணக்கீட்டு அறிவியலில் இது நல்ல கேள்வி, நல்ல பதில்களும் இருக்கின்றன. சூத்திரத்திலேயே விடை தெரிந்த எளிய நிலையை ஓட்டிப் பார்க்கலாம்; சீரிசை அலைவு, ஒருபரிமாண வெப்பக் கடத்தல் போல. மாறாமல் இருக்க வேண்டியது மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். மூடிய அமைப்பில் மொத்த ஆற்றல், துகள்களின் எண்ணிக்கை. காலப்படியை, அதாவது கணக்கு ஒவ்வொரு அடியிலும் நகரும் நேர அளவை, பாதியாக்கினால் இரண்டாம் படி முறையில் பிழை நான்கில் ஒரு பங்காகக் குறையவேண்டும். குறையாவிட்டால் எங்கோ தவறு. எதுவும் இல்லையென்றால், நிரலைத் தொடுமுன் இன்றைய விடையைக் கோப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதோடு ஒப்பிடலாம். அந்த விடை சரி என்று இது நிரூபிக்காது. நீங்கள் தெரியாமல் எதையும் மாற்றிவிடவில்லை என்று மட்டும் காட்டும். பழைய நிரலைப் பிரித்து எழுதும்போது அதுவே பெரிய துணை.

தசம எண்களைச் சமக்குறி வைத்து ஒப்பிடக்கூடாது என்பதை ஆரம்பத்திலேயே காட்டுங்கள். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று வரும். எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்கலாம் என்பதை மாணவரே தன் துறை அறிவை வைத்து முடிவு செய்யவேண்டும். ஃபோர்ட்ரான் எழுதுபவர் இருந்தால் 1ஐ 2ஆல் வகுத்தால் 0 வரும் என்பதையும் ஓட்டிக் காட்டுங்கள். இரண்டுமே முழு எண் என்பதால்.

7. செலவு

மென்பொருளுக்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை. கடைசியாக 24 மாணவர், நான்கு உதவியாளர் என 28 பேருக்கு நான்கு நாள் நடத்தியதன் கணக்கு இது. மதியச் சாப்பாடு தலைக்கு 100 ரூபாய் வீதம் 11,200. டீ, வடை ஒரு வேளைக்கு 25 வீதம் நாளுக்கு இரண்டு வேளை 5,600. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆறு 2,100. பென்டிரைவ் நான்கு 1,600. கட்டளைப் பட்டியல் அச்சடித்தது 1,120. ஒட்டுத்தாள் 200. மொத்தம் 21,820 ரூபாய். மதிப்பூதியம் நான் வாங்கவில்லை. நீங்கள் வாங்கினால் அதில் தவறே இல்லை, மதிப்பீட்டில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பில் எல்லாம் துறையின் பெயரில் வாங்குங்கள், உங்கள் பெயரில் வேண்டாம். டீக்கடையில் அச்சடித்த பில் இருக்காது. கைச்சீட்டு செல்லுமா என்று கணக்குப் பிரிவில் முன்பே கேளுங்கள். முன்பணம் பெரும்பாலும் கிடைக்காது. கைப்பணம் போட்டுவிட்டுத் திரும்ப வாங்க எனக்கு ஒருமுறை நான்கு மாதம் ஆனது.

மாணவரிடம் கட்டணம் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்குபவருக்கு மாதம் 37,000 ரூபாய் வருகிறது, ஆனால் அதே லேபில் எந்த உதவித்தொகையும் இல்லாமல் ட்யூஷன் எடுத்துப் படிப்பவரும் இருக்கிறார். 500 ரூபாய் என்றாலும் அவர் பெயர் கொடுக்க மாட்டார், காரணமும் சொல்ல மாட்டார்.

8. முடிந்த பிறகு

துறைக்கு ஒரு அறிக்கை கொடுக்கவேண்டும்: கையெழுத்திட்ட வருகைப் பதிவு, கருத்துப் படிவங்கள், ஜியோடேக் செய்த புகைப்படங்கள். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் 'நாக்' அமைப்பின் ஆய்வுக்காக இவற்றைக் கேட்பார்கள். முதல் நாள் காலையிலேயே போனில் இருப்பிடக் குறிப்பை இயக்கிவிட்டுப் படம் எடுங்கள். சாதாரணப் படங்களைக் கொடுத்துவிட்டு மறுபடி எல்லோரையும் உட்கார வைத்துப் படம் எடுக்க வேண்டி வந்தது எனக்கு.

ஆய்வேடு சமர்ப்பிக்கும் கட்டத்தில் இருப்பவர்களைத் தனியாக உட்கார வைத்து ஜெனோடோவைக் காட்டுங்கள். செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆராய்ச்சி அமைப்பு நடத்தும் இலவசச் சேமிப்பகம் அது. நிரலின் குறிப்பிட்ட பதிப்பை அங்கே வைத்தால் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் கிடைக்கும்; கட்டுரையிலும் ஆய்வேட்டிலும் அதை மேற்கோள் காட்டலாம். பொதுவில் வெளியிட்டதை இஷ்டத்துக்கு அழித்துவிட முடியாது, அதனால் கைடின் ஒப்புதலைக் கேட்டுவிட்டே செய்யச் சொல்லுங்கள்.

சான்றிதழைக் கடைசி நாளில் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அதே லேபில் கூட்டுங்கள். ஒவ்வொருவரும் தன் களஞ்சியத்தைப் பென்டிரைவில் எடுத்துவந்து பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கவேண்டும். அவர் குறிப்புக் கோப்பை மட்டும் படித்து, எதுவும் கேட்காமல், ஒரு படத்தையாவது வரைய வேண்டும். கடைசி முறை 24 பேரில் 17 பேர் வந்தார்கள். முதல் முயற்சியில் ஓடியது ஒன்பது பேருடையது. மற்ற எட்டுப் பேரும் அங்கேயே உட்கார்ந்து விடுபட்ட நூலகத்தின் பெயரையோ கோப்பின் பாதையையோ சரிசெய்து, பதிவு செய்து, ஓட்டிக் காட்டிவிட்டுச் சான்றிதழ் வாங்கிப் போனார்கள். வராத ஏழு பேருடைய சான்றிதழ்கள் துறை அலுவலகத்தில் இருக்கின்றன. நிரலைக் கொண்டுவந்தால் எந்தச் சனிக்கிழமையும் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.